மரத்துக்கு வந்த மானியம் மனிதனுக்கும் வரட்டும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு 'விவசாயக் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் அரசாங்கம் தரும் உதவி' என்பது. கேட்பதற்கு இலாகாவிலிருந்து வந்த சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. ஆனால் இது நம் வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே பிள்ளைகள் கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள். பெற்றோர்கள் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள்.

அன்பர்களே! மானியம் என்ற சொல் தோட்டத்துக்குப் புதிதல்ல. நம் பாட்டன்மார் காலத்திலேயே வந்த சொல்தான். 1952-ஆம் ஆண்டில் ரப்பர் மறுநடவு நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். கப்பலேறி வெளிநாடு போகும் ரப்பருக்கு ஒரு தீர்வை விதித்து, அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, பழைய மரத்தை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடுபவர்களுக்கு மானியமாகக் கொடுத்தார்கள். அதற்கும் முன்பே, 1925-இல், ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டிருந்தது. அங்கே உருவாக்கிய 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' போன்ற இன மரங்களை இங்கே பால் வெட்டிய பெரியவர்கள் பலர் நன்றாக அறிவார்கள். 1973-இல் சிறுதோட்டக்காரர்களுக்கென்று ரிஸ்டா வந்தது. இவையெல்லாம் நல்ல காரியங்கள்தாம். அதனால்தான் பால் அதிகமாக ஊறியது. நாட்டுக்கு வருமானம் வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மானியம் நிலம் வைத்திருந்தவர் கைக்குப் போனது. கன்றுக்கு வந்தது, உரத்துக்கு வந்தது. அந்த மரத்தில் இருட்டோடு போய்ப் பால் வெட்டியவருக்கு அதில் பங்கு என்று எதுவும் இல்லை. பல தோட்டங்களில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். ரப்பருக்கு வேண்டிய அளவு ஆள் செம்பனைக்கு வேண்டாம். மரம் மாறியது; மரத்தை நம்பியிருந்த குடும்பங்கள் லயத்தைக் காலி செய்து கொண்டு பட்டணத்து ஓரங்களுக்குப் போயின. புது மரத்துக்குப் பணம் ஒதுக்கியவர்கள், 'இந்த மனிதர்கள் புதுத் தொழில் கற்றுக் கொள்ளட்டும்' என்று அதே அளவு அக்கறையோடு ஒதுக்கவில்லை. அதன் பலனை இன்றுவரை நாம் அனுபவிக்கிறோம்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மனிதனுக்கென்று, அவன் கைத்திறனுக்கென்று, சில நிதிகள் ஏற்பட்டிருக்கின்றன. நம் வீடு தேடி வந்து யாரும் கொடுக்க மாட்டார்கள். நாம்தான் தெரிந்து கொண்டு, கேட்டு வாங்க வேண்டும். அதைச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்துப் புரிந்து கொள்வோம். மானியம் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டாதது. கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டியது. லெவி என்றால் முதலாளியிடம் சட்டப்படி வாங்கிச் சேர்க்கும் பணம். எல்லாவற்றையும் 'கவர்மெண்டு காசு' என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லித்தான் சிலர் கடனை மானியம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு கடிதம் வரும்போது திகைக்கிறார்கள். பி.டி.பி.கே. என்று சுருக்கமாகச் சொல்லும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குக் கொடுப்பது கடன். நல்ல கடன்தான், படிப்பு முடித்து வேலைக்குப் போய்க் கட்டலாம். ஆனால் கடன் என்பது நினைவிருக்கட்டும்.

பெற்றோர்களே! இனி வேலை செய்யும் உங்களைப் பற்றியே பேசுகிறேன்.

1993-ஆம் ஆண்டில் மனிதவள மேம்பாட்டு நிதி தொடங்கியது. முதலாளி தன் தொழிலாளர்களின் சம்பளத்தில் நூற்றுக்கு 1 வெள்ளி வீதம் கணக்கிட்டுத் தன் கையிலிருந்து நிதிக்குக் கட்ட வேண்டும். தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அந்தச் செலவை நிதியிலிருந்து பெற்றுக் கொள்ளலாம். நல்ல திட்டம். ஆனால் அது முதலில் தொழிற்சாலைகளுக்குத்தான் வந்தது. பிறகு சிறுகச் சிறுக மற்றத் துறைகளுக்கு விரிந்தது. விவசாயத் துறைக்கு எப்போது வந்தது தெரியுமா? 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்! தொழிற்சாலைப் பிள்ளைக்குக் கிடைத்தது தோட்டத்துப் பிள்ளைக்கு வந்து சேர 28 ஆண்டுகள் பிடித்தன. நிதியை நடத்தும் அமைப்புக்கு இப்போது எச்.ஆர்.டி. கார்ப் என்று பெயர்.

10 பேரும் அதற்கு மேலும் மலேசியத் தொழிலாளர்கள் உள்ள முதலாளி இந்த லெவியைக் கட்டியாக வேண்டும். இதை உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது, அது சட்டம். ஆனால் பணம் கட்டப்படுவது யார் சம்பளத்தைக் கணக்கிட்டு? உங்கள் சம்பளத்தைக் கணக்கிட்டு. அப்படியென்றால் பயிற்சி யாருக்குக் கிடைக்க வேண்டும்? ஆபீசில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமா? குலை வெட்டுகிறவருக்கும், மருந்து அடிக்கிற அக்காவுக்கும், டிராக்டர் ஓட்டுகிறவருக்கும் உரியதுதான். தொழிலாளி நேரே போய் இந்தப் பணத்தைக் கேட்க முடியாது. முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே நீங்கள் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. சண்டை போட வேண்டாம், சத்தம் போட வேண்டாம். தோட்ட ஆபீசில், 'ஐயா, எங்கள் கணக்கில் கட்டுகிற லெவிக்கு இந்த ஆண்டு என்ன பயிற்சி வைத்திருக்கிறீர்கள்?' என்று மரியாதையாகக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் சங்கத்தின் மூலமாகக் கேளுங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் ஏற்பட்டது இப்படிக் கேட்பதற்காகவும்தானே!

'எங்களுக்கு எதுக்கு சார் பயிற்சி? முப்பது வருசமா இதே வேலைதானே செய்யுறோம்' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலை உங்களுக்குத் தெரியும். எனக்குச் சந்தேகமே இல்லை. இருபது அடி உயரத்துக் குலையைக் கீழே நின்று கொண்டே, கம்பியில் கட்டிய அரிவாளால் மட்டையை அறுத்துத் தள்ளுகிற கலை எனக்கு வருமா? ஆனால் தோட்டத்துக்கு வெளியே போனால் என்ன நடக்கிறது? இருபத்தாறு ஆண்டுகள் டிராக்டர் ஓட்டிய அண்ணன் ஒருவர் வேறிடத்தில் வேலை கேட்கப் போனார். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே கோளாறு என்னவென்று சொல்லக் கூடியவர். அங்கே அவரிடம் கேட்டது இரண்டே சொல்: 'சிஜில் அடா?' சான்றிதழ் இருக்கிறதா என்று. இல்லை. அவர் இப்போது ஒரு கட்டடத்தின் வாசலில் காவலுக்கு நிற்கிறார். காவல் வேலை இழிவானது என்று சொல்லவில்லை. ஆனால் 26 ஆண்டுத் திறமை வாசற்படியிலேயே நின்று போய்விட்டதே!

அந்தச் சான்றிதழுக்கு இப்போது வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. 1, 2, 3 என்று மூன்று நிலைகள். அதற்கு மேல் 4-ஆம் நிலை டிப்ளோமா, 5-ஆம் நிலை உயர் டிப்ளோமா. இதை வாங்க மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படிப்பது. இரண்டு, பெரும்பகுதி நேரம் வேலையிடத்திலும் கொஞ்ச நேரம் பயிற்சி நிலையத்திலும் கற்பது; இதை எஸ்.எல்.டி.என். என்கிறார்கள், 2005-இல் தொடங்கியது. மூன்றாவதுதான் உங்களுக்கு மிகவும் ஏற்றது. அதற்குப் பி.பி.தி. என்று பெயர். ஏற்கெனவே வேலையில் பெற்ற தேர்ச்சியை ஆராய்ந்து பார்த்து அதற்கு அங்கீகாரம் கொடுப்பது. வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. நீங்கள் செய்து வந்த வேலைக்கு ஆதாரங்களைத் திரட்டிக் கொடுக்க வேண்டும். நியமிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் அவற்றைச் சோதிப்பார், கேள்வி கேட்பார், செய்து காட்டச் சொல்வார். தேறினால் சான்றிதழ். பயிற்சி நிலையத்தில் படித்தவர் வாங்கும் அதே சான்றிதழ்தான்.

ஆதாரம் என்றால் என்ன? பழைய சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், நிர்வாகி கொடுத்த நற்சான்று, வேலை செய்யும்போது எடுத்த படம், டிராக்டர் லைசென்ஸ் இவைதாம். நம்மவர்கள் சம்பளச் சீட்டை என்ன செய்கிறோம்? வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்து, சட்டையோடு துவைத்துவிடுகிறோம். இன்றிலிருந்து ஒரு கோப்பு வாங்கி வையுங்கள். ஒரு தாளும் வெளியே போகக் கூடாது.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டவர்கள் கேளாதவர்களுக்கும் சொல்லுங்கள். உங்கள் சம்பளச் சீட்டில் எஸ்.ஐ.பி. என்று ஒரு சிறு பிடித்தம் இருக்கும். 1,000 வெள்ளிச் சம்பளத்துக்கு ஏறக்குறைய 2 வெள்ளி. முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். இது சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டம், 2018-இல் தொடங்கியது. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள், ஆட்குறைப்புச் செய்துவிட்டார்கள் என்றால், வேலை இழந்தவருக்கு இதிலிருந்து சில மாதங்களுக்கு உதவித் தொகை உண்டு. அதோடு வேறு தொழில் கற்கப் பயிற்சிக் கட்டணமும், பயிற்சிக் கால அலவன்சும் உண்டு. ஆனால் வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். நாமாக ராஜினாமா எழுதிக் கொடுத்து விலகியிருந்தால் பொதுவாகக் கிடைக்காது. ஆகவே தோட்டம் கைமாறுகிற சமயத்தில் யாராவது ஒரு தாளை நீட்டி, 'இதில் ஒரு கையெழுத்துப் போடு' என்றால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியவில்லையா? வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறதே, அதைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கும் புரியாவிட்டால் பள்ளிக்கு எடுத்துக் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்லத்தானே நாங்கள் இருக்கிறோம்!

இனி பிள்ளைகளைப் பற்றி.

விவசாயப் படிப்பு என்று நான் வாயெடுத்தாலே சில தாய்மார்களின் முகம் வாடிவிடுகிறது. ஒரு அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்கள்: 'என்ன சார், நாங்கதான் வெயில்லயும் மழையிலயும் கெடந்து கஷ்டப்பட்டோம். எம்புள்ளையும் படிச்சிட்டு மறுபடியும் காட்டுக்கா போகணும்?' அந்தக் கேள்வியில் இருக்கும் வலி எனக்குத் தெரியும். நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன்தான். ஆனால் அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். அம்மா, படிக்காமல் காட்டுக்குப் போவது வேறு. படித்துவிட்டுப் போவது வேறு. இதே தோட்டத்தில் மண்ணைச் சோதித்து உரத்தின் அளவைச் சொல்கிறவரும் காட்டுக்குத்தான் போகிறார். நாற்றங்காலைப் பார்க்கிறவரும், ஆலையில் குலையைத் தரம் பிரிக்கிறவரும், இயந்திரத்தை மேற்பார்க்கிறவரும் அப்படித்தான். அந்த வேலைகளுக்கு வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள். நம் பிள்ளை ஏன் வரக் கூடாது?

திருவள்ளுவர் உழவுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி வைத்தார். 104-ஆம் அதிகாரம். மண்ணில் உழைப்பதை நம் முன்னோர் இழிவாக நினைக்கவில்லை. கூலி குறைவாக இருந்ததாலும் மரியாதை கிடைக்காததாலும்தான் நமக்கு அதன்மேல் வெறுப்பு வந்தது.

இந்த நாட்டில் விவசாயக் கல்விக்கு நெடிய வரலாறு உண்டு. 1931-இல் செர்டாங்கில் விவசாயப் பள்ளி தொடங்கியது. 1947-இல் அது கல்லூரியாக உயர்ந்தது. 1971-இல் பல்கலைக்கழகமானது. அதுதான் இன்றைய புத்ரா பல்கலைக்கழகம். பக்கத்தில் உள்ள தோட்டங்களில் நம்மவர்கள் மரம் வெட்டிக் கொண்டிருந்த காலத்திலேயே அந்தக் கதவு திறந்திருந்தது. ஆனால் அன்றைக்குத் தோட்டப் பள்ளியில் ஆறாவது வரை படித்த பிள்ளை அந்தக் கதவுவரை போவதற்குப் பாதை இல்லை.

இன்றைக்குப் பாதை உண்டு. எஸ்.பி.எம். நன்றாகத் தேறியவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் டிப்ளோமாவுக்கு முயலலாம். நடுத்தரமாகத் தேறியவர்களுக்கு விவசாய இலாகாவின் விவசாயக் கழகங்கள் இருக்கின்றன. பினாங்கில் பும்போங் லீமா, பேராவில் தீத்தி காந்தோங், ஜொகூரில் ஆயர் ஹீத்தாம் போன்ற இடங்களில் நடக்கின்றன. மூன்றாம் படிவத்திலிருந்தே போக விரும்பும் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்லூரிகள் உண்டு. தெலுக் இந்தானிலும் பகாங்கில் செனோரிலும் இருப்பவை விவசாயத்துக்கென்றே உள்ள கல்லூரிகள். தெலுக் இந்தானைச் சுற்றி எத்தனை தோட்டங்கள்! செம்பனை வாரியமும் தனியாகப் பயிற்சி நிலையம் வைத்து, குலை தரம் பிரித்தல், தோட்ட இயந்திரம் ஓட்டுதல் போன்றவற்றைக் கற்றுக் கொடுக்கிறது.

இவை பெரும்பாலும் அரசாங்கச் செலவில் நடப்பவை. எந்த ஆண்டு என்ன கட்டணம், தங்குமிடம் உண்டா, அலவன்சு உண்டா என்பதை விண்ணப்பிக்கும்போது அந்தந்த நிலையத்தில் கேட்டுக் கொள்ள வேண்டும். ஏனென்றால் இவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். யாரோ சொன்னார் என்று நம்பிப் போகவும் வேண்டாம். யாரோ சொன்னார் என்று நம்பிப் போகாமல் இருந்துவிடவும் வேண்டாம்.

என்னையே எடுத்துக் கொள்ளுங்கள். என்னிடம் பெரிய பட்டம் எதுவும் கிடையாது. என்னிடம் இருப்பது ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ். அந்தப் பயிற்சிக் காலத்தில் அரசாங்கம் மாதாமாதம் அலவன்சு கொடுத்தது. அதில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பினேன். அந்த உதவி இல்லாதிருந்தால் என் தகப்பனார் என்னைப் படிக்க வைத்திருக்க முடியாது. அரசாங்கப் பயிற்சிப் பணம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று கேட்டால், என் குடும்பத்தைப் பாருங்கள் என்றே சொல்வேன்.

இந்த உதவிகளெல்லாம் கிடைக்க வேண்டுமானால் மூன்று காரியங்கள் முக்கியம்.

முதலாவது, பத்திரம். பிறந்த பத்திரம் இல்லாத பிள்ளைக்கும், சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவருக்கும் பல உதவிகளின் கதவு திறக்காது. பிள்ளை பிறந்தவுடன் பதிய வேண்டும். கல்யாணத்தையும் பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று விட்டுவிட்டால், பின்னால் தொல்லைப்படுவது பிள்ளைதான்.

இரண்டாவது, மலாய் மொழி. பயிற்சியெல்லாம் பெரும்பாலும் மலாய் மொழியில்தான். எஸ்.கே.எம். முதல் நிலைக்குப் பெரிய தேர்ச்சி கேட்பதில்லை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தமிழை மறக்காமல் மலாயையும் நன்றாகக் கற்பது நம் பிள்ளைகளால் முடியும். இந்த மேடையிலே இன்றைக்கு மலாய்ப் பாடத்துக்குப் பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளே அதற்குச் சாட்சி.

மூன்றாவது, ஒன்றுபட்டுக் கேட்பது. இந்தியர்களுக்கென்று 2018-இல் ஏற்பட்ட மித்ரா போன்ற அமைப்புகளின் மானியம் பெரும்பாலும் சங்கங்கள், அமைப்புகள் மூலமாகவே மக்களுக்கு வந்திருக்கிறது. கணக்கு வழக்கு நேராக வைத்திருக்கிற சங்கத்துக்குத்தான் மதிப்பு. நம் மக்களால் கணக்கு வைக்க முடியாதா? 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக் கொண்டிருந்தார்கள். மாதம் 10 வெள்ளி என்று தொழிலாளர்கள் கொடுத்த பணத்தில் தோட்டங்களையே விலைக்கு வாங்கிக் காட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கியதுதான். எந்த மானியமும் இல்லாமல் அதைச் செய்த மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கென்று ஒதுக்கிய பணத்தைக் கேட்டு வாங்க நமக்கு ஏன் தயக்கம்?

ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு இந்த மேடையிலேயே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளி மண்டபத்தில் ஒரு மேசை போடுவோம். பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்போம். பத்திரங்களைப் படி எடுத்துக் கோப்பில் வைத்துக் கொடுப்போம். எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளின் பட்டியல் ஒன்று வைத்து, யார் எங்கே விண்ணப்பித்தார்கள், என்ன பதில் வந்தது என்று குறித்து வைப்போம். நானும் என் சக ஆசிரியர்கள் சிலரும் வரத் தயாராக இருக்கிறோம். தோட்டத்துப் பையன்களில் கணினி தெரிந்த இரண்டு பேர் வந்தால் இன்னும் நல்லது. இப்போது மனுவெல்லாம் அதில்தானே போகிறது!

மாணவச் செல்வங்களே! இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தீர்கள். இன்றைக்குப் பரிசு வாங்குகிறவர்கள் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். வாங்காதவர்கள் மனம் தளர வேண்டாம். கணக்கில் பின்தங்கிய பிள்ளை கைத்தொழிலில் முந்திவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தக் கைத்தொழிலாக இருந்தாலும், கற்றதற்கு ஒரு சான்றிதழ் வாங்காமல் விடாதீர்கள். உங்கள் அப்பா அம்மாவிடம் திறமை இருந்தது. அதை எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. உங்களுக்கு அந்தக் குறை வரக் கூடாது. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, அப்பாவின் சம்பளச் சீட்டுகளையெல்லாம் தேடியெடுத்து ஒரு கோப்பில் வைத்துக் கொடுங்கள். ஆசிரியர் சொன்ன வீட்டுப்பாடம் என்று சொல்லுங்கள்.